வீடு சந்திப்பு: சேகரத்துக்குப் புதிதாக வரும் குருவானவருக்கும் சபை ஊழியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியில்) பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே குருவானவரின் டைரி நிறைந்துவிடும். வீடு பிரதிஷ்டை, பிறந்தநாள் ஜெபம், கடை திறப்பு, நிச்சயதார்த்தம், பிள்ளை வெளிநாடு போகுமுன் ஒரு ஸ்தோத்திர ஜெபம் என்று எல்லாமே அழைப்பின்பேரில் வருபவை. ஆண்டுக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நூறு தடவைக்கு மேல் வீடுகளுக்குப் போயிருப்பார். ஆனால் பெரும்பாலும் அதே முப்பது வீடுகளுக்குத்தான் திரும்பத் திரும்பப் போயிருப்பார். குருவானவரைக் கூப்பிட்டால் காபி, பலகாரம், காணிக்கைக் கவர் எல்லாம் வேண்டுமே என்று தயங்குகிற வீடு கூப்பிடாது. மகன் குடிக்கிறான் என்று வெட்கப்படுகிற வீடும், கமிட்டியோடு மனஸ்தாபம் உள்ள வீடும் கூப்பிடாது. கூப்பிடாத அந்த வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. தென்மாவட்டத்துச் சேகரங்களை, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை போன்றவற்றின் நடைமுறையை ஒட்டி எழுதியிருக்கிறோம். மற்ற சபையாரும் தங்கள் ஒழுங்குக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம்.

இது புதுப் பழக்கம் அல்ல. பவுல் எபேசுவின் மூப்பரிடம் விடைபெறும்போது, வெளியரங்கமாகவும் வீடுகள்தோறும் உபதேசித்ததை நினைவூட்டுகிறார் (அப்போஸ்தலர் 20:20). தரங்கம்பாடியில் 1706-இல் தொடங்கிய மிஷன் வேலை ஊர் ஊராகப் பரவியதில் நடந்தே போய்க் குடும்பங்களைப் பார்த்த உபதேசியார்களுக்கு, அதாவது குருவானவருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கும் அபிஷேகம் பெறாத ஊழியர்களுக்கு, பெரிய பங்கு உண்டு. முதல் தமிழ் லுத்தரன் குருவான ஆரோன் 1733-இல் அபிஷேகம் பெறுமுன் உபதேசியாராக இருந்தவர்தான். இன்றும் பல கிராமங்களில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று முதலில் தெரிவது உபதேசியாருக்குத்தான். அவரிடம் கேட்காமல் குருவானவர் சந்திப்பைத் தொடங்கக் கூடாது.

பட்டியலை எப்படித் தயாரிப்பது

சபைப் பதிவேட்டை எடுத்து, தெருவாரியாக ஒரு புதிய நோட்டில் குடும்பங்களை எழுதுங்கள். அகர வரிசையில் எழுதினால் நடக்கும்போது பயன்படாது. குடும்பத் தலைவர் பெயரோடு நிறுத்திவிடாமல் வீட்டில் இருக்கிற எல்லார் பெயரையும், வயதையும், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளையும் எழுத வேண்டும். திடப்படுத்தல் (ஞானஸ்நான வாக்கைத் தாங்களே உறுதிசெய்யும் சடங்கு) பெற்ற நாளோடு பதிவேட்டில் காணாமல் போன இளைஞர்களின் பெயர்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்து எசேக்கியேல் 34:4-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மேய்ப்பர்கள் செய்யத் தவறியதாகக் கர்த்தர் அங்கே ஐந்தைச் சொல்கிறார்: பலவீனமானவை, நசல்கொண்டவை, எலும்பு முறிந்தவை, துரத்துண்டவை, காணாமற்போனவை. சந்திப்புப் பட்டியலை வகை பிரிக்க இதைவிட நல்ல அட்டவணை கிடையாது. முதியோரும் தனியாக இருப்போரும் முதல் வகை. நோயாளிகள் இரண்டாவது. மரணம், தோல்வி, விவாகரத்து, கடன் என்று அடி வாங்கியவர்கள் மூன்றாவது. சபையாரின் பேச்சாலோ கமிட்டிச் சண்டையாலோ வெளியே தள்ளப்பட்டவர்கள் நான்காவது. தாங்களாகவே வராமல் போனவர்கள் ஐந்தாவது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் எதிரே பென்சிலில் 1 முதல் 5 வரை எண் இடுங்கள். எந்த எண்ணும் விழாத குடும்பங்களும் இருக்கும். அவர்களையும் பார்க்க வேண்டும், ஆனால் வரிசையில் பின்னால் வரட்டும்.

நான்காவது வகையை எழுதக் கை தயங்கும், ஏனென்றால் அதில் பெயர் எழுதும்போது தள்ளிவிட்டவர் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது. தயங்காமல் எழுதுங்கள்.

இனி கணக்கு. ஒரு சேகரத்தில் 240 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் 3 மாலைகள், ஒரு மாலைக்கு 3 வீடுகள் என்றால் வாரம் 9 வீடுகள். லெந்து காலத்து மாலை ஆராதனைகள், அசனப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் கீத பவனி, விடுமுறை வேதாகமப் பள்ளி எல்லாம் போக ஆண்டில் 40 வாரங்கள் கையில் நிற்கும். ஆக மொத்தம் 360 சந்திப்புகள். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 120, நோயாளிகளுக்கும் துக்க வீடுகளுக்கும் மறுபடி மறுபடி போவதில் கழியும். மீதி 240-இல் ஒவ்வொரு குடும்பத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரு மாலையில் ஆறேழு வீடு என்று திட்டமிடுகிறவர்கள் இரண்டாம் வாரத்திலேயே களைத்து, ஒரு ஜெபம், ஒரு காபி, அடுத்த வீடு என்று ஓடத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப் போவதைவிடப் போகாமல் இருப்பது மேல். மனம் திறக்க நினைத்த வீடு, இவருக்கு நேரமில்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

எந்த நேரம், யாரோடு

வீட்டுக்காரர்களின் வேலையை வைத்துத்தான் நேரம் குறிக்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்துவிடுவார்கள், இரவு எட்டு மணிக்கு மேல் போய் உட்கார்ந்தால் அவர்களுக்கு அது தண்டனை. பங்குனி, சித்திரை, வைகாசியில் பனையேறும் குடும்பத்துக்குக் காலையும் மாலையும் மரத்தில்தான், நடுப்பகலில் பதநீர் காய்ச்ச அடுப்படியை விட்டு நகர முடியாது. அந்த மாதங்களில் அவர்களை விடிலியிலேயே, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையிலேயே, போய்ப் பார்ப்பது நல்லது. பீடி சுற்றுகிற வீட்டில் நீங்கள் வந்ததும் தட்டை எடுத்து உள்ளே வைக்கப் பார்ப்பார்கள். "தட்டு மடியிலேயே இருக்கட்டும்மா, சுத்திக்கிட்டே பேசுங்க" என்று சொல்லிவிடுங்கள். அன்றைய எண்ணிக்கை குறைந்தால் அன்றைய கூலி குறையும். கை வேலையாக இருக்கும்போது மனம் எளிதாகப் பேசும் என்பதும் உண்மை. நகரத்தில் என்றால் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும், பிள்ளைகளின் பரீட்சை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

முந்தின நாள் போன் செய்து, "நாளை சாயந்தரம் அஞ்சரைக்கு மேல வரலாமா? ஒண்ணும் செய்ய வேண்டாம், தண்ணி போதும்" என்று கேளுங்கள். ஞாயிறு அறிக்கையில் தெருவின் பெயரை மட்டும் சொல்லலாம். வீட்டின் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டார் ஏன் எதற்கு என்று துருவத் தொடங்குவார்கள்.

தனியாகப் போகாதீர்கள். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு, உங்கள் துணைவியாரோ சபையின் பெண் ஊழியரான வேதாகம ஸ்திரீயோ பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நிதானமான ஒருவரோ கூட வர வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். சிறுபிள்ளைகளோடு தனியறையில் பேசவே கூடாது. பெண் குருவானவர்களும் தனியாக ஆண்கள் மட்டும் உள்ள வீட்டுக்குப் போவதைத் தவிர்ப்பது பாதுகாப்பு. கூட அழைத்துப்போகிற மூப்பரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஊரில் யாரிடம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்று பெயர் வாங்கியவர் கூட வந்தால், அந்த வீட்டில் வானிலையைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார்கள். அவர் கமிட்டியில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

வாசலிலிருந்து ஜெபம் வரை

லூக்கா 10:5-இல் ஆண்டவர் சீஷருக்குச் சொன்னது, வீட்டுக்குள் போனதும் முதலாவது சமாதானம் சொல்லுங்கள் என்பது. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் நோயாளி சந்திப்பு முறையும் அந்த வார்த்தையோடுதான் தொடங்குகிறது. செருப்பை வெளியே விட்டு, "இந்த வீட்டுக்குச் சமாதானம்" என்றோ, உங்கள் ஊர் வழக்கப்படி "ஸ்தோத்திரம்" என்றோ சொல்லி, வீட்டில் மூத்தவரை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அவர் உள்ளறையில் கட்டிலில் இருப்பார். முன்னறையிலேயே பேசிவிட்டு எழுந்து வந்தால், சந்திக்கப்பட வேண்டியவரைச் சந்திக்காமலே வந்துவிட்டீர்கள்.

அவர்கள் காட்டுகிற இடத்தில் உட்காருங்கள். நாற்காலி இல்லாவிட்டால் தரையில். கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் எந்தத் தெருவில் குருவானவர் தண்ணீர் குடித்தார், எந்தத் தெருவில் "இப்பத்தான் குடிச்சேன்" என்றார் என்பதை ஊரே கவனிக்கிறது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே சபைகளுக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கடிதம் எழுதினார். இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது, தனிக் கல்லறையும் தனி வரிசையும் இன்னும் சில இடங்களில் ஒழியவில்லை. பிரசங்க பீடத்திலிருந்து அதைக் கண்டிப்பது அவசியம். அதற்கு முன்பாக, எல்லா வீட்டிலும் தண்ணீர் குடிப்பதும், நேரமானால் சாப்பிடுவதும் அவசியம். சர்க்கரை நோயோ வயிற்றுக் கோளாறோ இருந்தால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வெந்நீர் கேளுங்கள்.

போனை அணைத்துவிடுங்கள், அதிர்விலும் வேண்டாம். முதல் பத்து நிமிடம் நீங்கள் பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்கட்டும். "எப்படி இருக்கீங்க" என்றால் "கர்த்தருடைய கிருபையால நல்லாருக்கோம்" என்று பதில் வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். குறிப்பான கேள்வி கேட்க வேண்டும்: "ராத்திரி தூக்கம் வருதா அம்மா?", "ஆஸ்பத்திரிக்குக் கூட யார் வர்றாங்க?", "பெரியவன் கடைசியா எப்ப போன் பண்ணினான்?" இதில் ஒன்று கதவைத் திறக்கும். பதில் நின்று மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். மனதில் உள்ள பெரிய பாரம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வெளியே வரும். பல நேரம் நீங்கள் விடைபெற எழுந்த பிறகு, வாசற்படியில்தான் வரும். அதனால் இரண்டு வீடுகளுக்கு நடுவே கால் மணி நேர இடைவெளி விடுங்கள்.

சம்பளம் எவ்வளவு, இன்னும் ஏன் குழந்தை இல்லை, மகளுக்கு எப்போது கல்யாணம், மார்க் எவ்வளவு ஆகிய கேள்விகளைக் கேட்கவே வேண்டாம். சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுப் புண்ணான இடங்கள் அவை.

வேத வாசிப்பு பத்து வசனத்துக்குள் இருக்கட்டும். கேட்டதை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள், வீட்டிலிருந்தே முடிவுசெய்துகொண்டு வர வேண்டாம். பயணம், பிரிவு என்றால் சங்கீதம் 121. பயம் என்றால் 27. குற்ற உணர்வு என்றால் 130. என்ன சொல்வதென்று தெரியாத வீட்டில் 23. கண் பார்வை மங்கிய முதியவர் இருந்தால் அவருக்கு மனப்பாடமான சங்கீதத்தை வாசியுங்கள், அவரும் கூடவே சொல்லுவார். நினைவு தவறிப்போனவர்கள்கூடச் சிறுவயதில் படித்த சங்கீதத்தையும் பழைய கீர்த்தனையையும் பல நேரம் மறக்காமல் வைத்திருப்பார்கள்.

ஜெபம் மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தோடு செய்யும் இரண்டு தவறுகள் இந்த இடத்தில்தான் அதிகம் நடக்கின்றன. ஜெபத்தின் சாக்கில் புத்தி சொல்வது ஒன்று: "ஆண்டவரே, இந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வர உணர்த்தும்" என்று கேட்டதும் அந்தத் தம்பி அடுத்த முறை பின்வாசல் வழியாகப் போய்விடுவான். இன்னொன்று தனியாகச் சொன்னதைச் சத்தமாக ஜெபிப்பது. மனைவி உங்களிடம் மட்டும் சொன்ன நகைக்கடன் கணவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மருத்துவர் சொன்ன நோயின் பெயர் நோயாளிக்கே தெரியாமல் இருக்கலாம்.

சந்தா வசூல், பொருத்தனைப் பாக்கி, கட்டட நிதி எதையும் இந்தச் சந்திப்போடு கலக்காதீர்கள். கையில் கவர் கொடுத்தால், "ஆலயத்தில் போட்டு ரசீது அனுப்புறேன்" என்று சொல்லி, அதே வாரம் ரசீதை அனுப்புங்கள்.

கணவரோ மனைவியோ வேறு மதத்தவராக இருக்கிற வீட்டில், "ஜெபம் பண்ணலாமா?" என்று அவரிடமே அனுமதி கேளுங்கள். அவருடைய சாமி படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர் பெயரையும் அன்போடு ஜெபத்தில் சொல்லுங்கள்.

மருத்துவமனையில்

போகுமுன் கூட இருப்பவருக்குப் போன் செய்து, பார்வை நேரத்தையும் நோயாளியின் நிலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போகுமுன்னும் வெளியே வந்த பின்னும் கை கழுவுங்கள். சளி, இருமல் இருந்தால் போகவே வேண்டாம். புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்கு உங்கள் சாதாரண ஜலதோஷமே ஆபத்து. கட்டிலில் உட்காராதீர்கள், குழாய்களும் தையலும் இழுபடும். நின்றபடி மேலிருந்து பேசாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும்.

"ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாது. "விசுவாசம் இருந்தா சுகமாயிடும்" என்பதையும் சொல்லக் கூடாது. சுகமாகாமல் போனால் அந்தப் பழியும் நோயாளியின் தலையில் விழும். மாத்திரையை நிறுத்து, உபவாசம் இரு என்று யாருக்கும் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. இன்சுலின் போடுகிறவர் உபவாசம் இருந்து மயங்கி விழுவதும், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஜெபத்தை நம்பி நிறுத்தி மோசமாவதும் தவறான போதனையால் வருபவை. யாராவது கேட்டால், "மருந்தையும் சாப்பிடுங்க, ஜெபமும் பண்ணுவோம், டாக்டரைக் கேக்காம எதையும் நிறுத்தாதீங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

யாக்கோபு 5:14-ஐ வைத்து எண்ணெய் பூசிச் ஜெபிக்கும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், சுத்தமான ஒலிவ எண்ணெய் ஒரு துளி, நெற்றியில் மட்டும். புண்ணிலோ தையலிலோ பூசக் கூடாது, குடிக்கவும் கொடுக்கக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

கூட இருப்பவரை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை. அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, ஒரு இரவு மாற்றிவிட ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். வாலிபர் சங்கத்தில் இரண்டு பேரை முறைபோட்டு அனுப்பினால், அது நூறு ஜெபக் குறிப்புக்குச் சமம். அதேபோல், மருத்துவமனையில் இருக்கும்போது கூட்டமாக வருகிறவர்கள் வீடு திரும்பிய பிறகு வருவதில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரத்தில் ஒரு சந்திப்பை இப்போதே டைரியில் எழுதிவையுங்கள்.

வீட்டில் திருவிருந்து

படுக்கையில் இருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறையாவது திருவிருந்து கொடுக்க முயலுங்கள். அபிஷேகம் பெற்ற குருவானவர்தான் நடத்த வேண்டும். உபதேசியார் முந்தின நாள் போய்ச் சொல்லி ஆயத்தப்படுத்தட்டும். தேவையானவை: சிறிய பாத்திரமும் தட்டும், சுத்தமான வெள்ளைத் துணி இரண்டு, அப்பம், சிறு பாட்டிலில் திராட்சரசம், ஒரு சிறு கரண்டி. கட்டிலருகே ஒரு ஸ்டூலில் துணி விரித்தால் போதும். முழு ஆராதனை முறையையும் வாசிக்க வேண்டாம். பாவ அறிக்கை, மன்னிப்பு, சிறு வேதபகுதி, ஸ்தோத்திர ஜெபம், கர்த்தருடைய ஜெபம், பங்கெடுத்தல், ஆசீர்வாதம் என்று கால் மணி நேரத்தில் முடிக்கலாம். வீட்டாரையும் பங்கெடுக்கச் சொல்லுங்கள், அவர்களும் நோயாளியை விட்டு ஆலயத்துக்கு வர முடியாதவர்களே.

விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு நகக்கண் அளவு அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கரண்டியால் நாவில் வையுங்கள், தலையணையை உயர்த்தி உட்கார்ந்த நிலையில். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சிறு துணுக்கும் மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். மூக்கு வழியாகக் குழாய் போட்டவருக்கும், வாய்வழி எதுவும் கூடாது என்று மருத்துவர் சொன்னவருக்கும் வாயில் எதையும் கொடுக்காதீர்கள். கையைப் பிடித்து வார்த்தைகளைச் சொல்லுங்கள், அவருடைய பங்கெடுப்பில் குறை எதுவும் இல்லை. குடியிலிருந்து மீள மாத்திரை எடுப்பவர் இருந்தால் புளித்த திராட்சரசம் ஒரு துளியும் கூடாது. டைசல்பிராம் போன்ற மருந்தோடு சிறிதளவு மதுவும் சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு என்று ஆபத்தாகிவிடும். அவருக்கு அப்பம் மட்டும் அல்லது புளிக்காத ரசம்.

துக்க வீடு

செய்தி வந்ததும் கையில் இருப்பதை விட்டுவிட்டுப் போங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் உங்களால் செய்யக்கூடியது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்ததில் சரியானது அது ஒன்றுதான், வாயைத் திறந்ததும் கெடுத்துவிட்டார்கள். "தேவ சித்தம்", "கர்த்தருக்குப் பிரியமானவர், எடுத்துக்கொண்டார்", "அழாதீங்க, சாட்சியா இருங்க" என்று குழந்தையை இழந்த தாயிடம் சொல்லாதீர்கள். லாசருவின் கல்லறையருகே ஆண்டவரே கண்ணீர் விட்டார்.

பிறகு காரியங்கள். யார் யார் வர வேண்டும், அடக்க நேரம், குழி வெட்டச் சொல்வது, ஆலய மணி, குளிர்ப்பெட்டி, மருத்துவரின் சான்று. இவற்றுக்கு நிதானமான ஒரு மூப்பரை வீட்டாரோடு நிறுத்துங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதை இரண்டு நாள் கழித்து நினைவூட்டுங்கள். கல்லறைக்கு இடம் கேட்கும்போது சந்தா பாக்கியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். பாக்கியைப் பேச வேறு நாள் இருக்கிறது.

தற்கொலை நடந்த வீட்டில் காவல் நிலையத்துக்குத் தகவலும் பிரேதப் பரிசோதனையும் இருப்பதால் உடல் வரத் தாமதமாகும். அந்த நேரம் முழுவதும் வீட்டாரோடு இருங்கள். அடக்க ஆராதனையை மற்ற யாருக்கும் செய்வதுபோல முழு மரியாதையோடு நடத்துங்கள். இறந்த விதத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் தீர்ப்பு வேண்டாம். அந்த வீட்டில் இன்னொருவர் அதே எண்ணத்தில் இருக்கக்கூடும்.

மூன்றாம் நாள் ஜெபத்தோடு கூட்டம் கலைந்துவிடும். உங்கள் உண்மையான வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. பத்தாம் நாளும், நாற்பதாம் நாளும், முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமும், முதல் நினைவுநாளும் நோட்டில் இருக்கட்டும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஊரார் அந்தப் பெயரைத் தவிர்க்கத் தொடங்கியிருப்பார்கள், வீட்டாரோ அதைக் கேட்க ஏங்கிக்கொண்டிருப்பார்கள்.

சண்டையும் ஆபத்தும் உள்ள வீடுகள்

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நடுவராக உட்காராதீர்கள். பத்திரத்தையோ பணத்தையோ வாங்கி வைக்காதீர்கள். "போதகரே, ஆஸ்தியை எனக்குப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும்" என்று கேட்டவனிடம் இயேசுவும் மறுத்துவிட்டார் (லூக்கா 12:13-14). இரு பக்கமும் தனித்தனியே கேட்கலாம், இருவரையும் ஒரே திருவிருந்துப் பந்திக்கு அழைக்கலாம். கணக்கு வக்கீலிடம் போகட்டும்.

அடி வாங்குகிற மனைவியிடம் "பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு, மாறிடுவார்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது பெரிய பாவம். முதலில் அவர் இன்றிரவு எங்கே பாதுகாப்பாகத் தூங்குவார் என்று கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன்படி பாதுகாப்பு உத்தரவும், அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் அவர் கேட்கலாம் என்பதைச் சொல்லுங்கள். கணவரையும் மனைவியையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசாதீர்கள், நீங்கள் போன பிறகு அடி இரட்டிப்பாகும்.

பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், அல்லது நடக்கலாம் என்று தெரிந்தால், போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. போதகர் என்பதால் விலக்கு இல்லை. குற்றம் செய்தவர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவோ கமிட்டி உறுப்பினராகவோ இருந்தாலும், சபைப் பெயர் கெட்டுவிடும் என்று யார் கெஞ்சினாலும் இதில் மாற்றம் கிடையாது. உதவி எண் 1098. பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விவரம் கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை" என்று சொல்லி, அடுத்த வேலையைச் செய்யுங்கள்.

"வாழ்ந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்னு நினைக்கிறீங்களா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. வழி யோசித்திருக்கிறார் என்றால் அவரைத் தனியே விட வேண்டாம். பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றை வீட்டார் அப்புறப்படுத்தட்டும், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416, 104 ஆகிய உதவி எண்களில் தமிழில் பேசலாம்.

வராமல் போனவர்கள்

"ஏன் கோவிலுக்கு வர்றதில்லை?" என்று தொடங்கினால் அந்தச் சந்திப்பு அதோடு முடிந்தது. முதல் முறை ஆலயத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை ஒரு மாதம் கழித்து. மூன்றாம் முறை போவதற்குள் காரணம் தானாக வந்துவிடும்: மகள் வேறு சாதியிலோ வேறு மதத்திலோ கல்யாணம் பண்ணிக்கொண்டபோது சபையார் பேசிய பேச்சு, பண்டிகை வரிக்குக் காசில்லாமல் போனது, யாரோ பொதுவில் அவமானப்படுத்தியது. சபை தவறு செய்திருந்தால் அதைச் சபையின் சார்பில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். முந்தின குருவானவர் காலத்தில் நடந்தது என்று தப்பிக்க வேண்டாம்.

நோட்டு

அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் இரண்டு வீடுகளின் விவரம் கலந்துவிடும். தேதி, யார் இருந்தார்கள், வாசித்த பகுதி, நீங்கள் வாக்களித்தது, அடுத்த சந்திப்பு ஆகியவை போதும். இரகசியங்களை எழுதாதீர்கள். "மறுபடி பேச வேண்டும்" என்று ஒரு புள்ளி வைத்தால் உங்களுக்கு நினைவு வரும். நோட்டு பூட்டிய இடத்தில் இருக்கட்டும், போன் குழுவில் ஜெபக் குறிப்பாக எதையும் போடுமுன் வீட்டாரைக் கேளுங்கள். வாக்களித்ததை இரண்டு நாளைக்குள் செய்யுங்கள். முதியோர் உதவித்தொகை விண்ணப்பமோ, கல்லூரிக்கு ஒரு கடிதமோ, எதுவானாலும். முடியாது என்றால் அதையும் இரண்டு நாளைக்குள் சொல்லிவிடுங்கள். சந்திப்பில் கேட்டதைப் பெயர் மாற்றிக்கூடப் பிரசங்கத்தில் சொல்லாதீர்கள். சபை சிறியது, யார் என்று இரண்டாம் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

வாரத்தில் ஒரு நாள் சந்திப்பு இல்லாமல் வீட்டில் இருங்கள். அந்த நாளை மூப்பர்களுக்கும் சொல்லிவையுங்கள், மரணமும் ஆபத்தும் தவிர வேறு எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

மாறுதல் உத்தரவு வந்ததும், பொன்னாடை, வழியனுப்பு விழா தொடங்குமுன், 1, 2, 3 என்று எண் இட்ட வீடுகளுக்கு ஒருமுறை போய் விடைபெறுங்கள். அடுத்து வரும் குருவானவருக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: படுக்கையில் இருப்போரின் பெயர், திருவிருந்து கொடுத்த கடைசித் தேதி, இந்த ஆண்டு துக்கம் கண்ட வீடுகளும் அவற்றின் நினைவுநாட்களும், காது கேளாதவர் யார், நாய் உள்ள வீடு எது. தனியாகச் சொல்லப்பட்டவற்றை அவருக்கும் சொல்ல வேண்டாம், வேண்டுமானால் அவர்களே அவரிடம் சொல்லுவார்கள். தாளை உபதேசியாரிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய நோட்டை எரித்துவிடுங்கள்.